பழைய ஜீப்புக்கு புது இன்ஜின் போடணுமா, முதல்ல ஸ்டிக்கர தேடுங்க: கலிபோர்னியால ஸ்மாக் (புகை சோதனை) பாஸ் ஆகுற வழி

எனக்கு ஊரு போடிநாயக்கனூர். ஏலத்தோட்டத்துக்கு ஆள ஏத்திக்கிட்டு மலை ஏறுற மஹிந்திரா ஜீப்ப பாத்து பாத்து வளந்தவன், அந்த சத்தம் கேட்டாலே இன்னிக்கும் மனசு அங்க போயிரும். வேலைக்கு கலிபோர்னியா வந்து கையில கொஞ்சம் காசு நின்னதும் முதல்ல வாங்குனது ஒரு 1989 ஜீப் ராங்லர், சதுர ஹெட்லைட் வச்ச ஒய்ஜே மாடல். பாடி நல்லா இருந்துச்சு, சேஸிஸ்ல துரு இல்ல, ஆனா உள்ள இருந்தது ஏஎம்சி காலத்து 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் கார்புரேட்டர் இன்ஜின், மொத்தமே 112 குதிரைத்திறன். ஹைவேல மேடு வந்துட்டா லாரிக்கு பின்னாடி ஊர்ந்து போகணும், பாறைல சாஞ்சு நின்னா கார்புரேட்டர்ல பெட்ரோல் பொங்கி இன்ஜின் நின்னுரும், வேக்யூம் ஹோஸ் எது எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆச்சு. அதான் புது இன்ஜின் போட்டுறலாம்னு எறங்குனேன். எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, ஆனா தெரிஞ்சு செஞ்சிருந்தா எட்டு மாசத்துல முடிஞ்சிருக்கும். இதே ஆசைல நாலஞ்சு பேரு கேட்டுட்டாங்க, அதனால மொத்தமா எழுதிடுறேன்.

முதல்ல மனசுல ஏத்திக்க வேண்டியது ஒண்ணு. கலிபோர்னியால நீங்க மாத்துறது இன்ஜின மட்டும் இல்ல, இன்னொரு வண்டியோட புகை கட்டுப்பாட்டு சிஸ்டம் மொத்தத்தையும் பேத்து எடுத்து உங்க வண்டிக்குள்ள வைக்கிறீங்க, இன்ஜின் அதுல ஒரு பாகம். இத புரிஞ்சுக்காம ஸ்கிராப் யார்டுல மலிவா கிடைச்சுதுன்னு வெறும் இன்ஜின தூக்கிட்டு வந்தா அது கராஜ்ல கெடந்து தூசி ஏறும். நான் அப்படித்தான் முதல்ல ஒண்ணு வாங்குனேன், 2002 பிக்கப்புல இருந்து கழட்டுன 5.3 லிட்டர் வி8. நல்லா ஓடுன இன்ஜின்தான், ஆனா அது கலிபோர்னியா சர்டிஃபை பண்ணாத, மத்த மாநிலங்களுக்குன்னு செஞ்ச ஃபெடரல் வண்டியோடதுன்னு அப்புறம் தெரிஞ்சுது, வந்த வெலைக்கு தள்ளிவிட்டேன்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துடுவோம். நாடு முழுக்க இருக்கிறது க்ளீன் ஏர் ஆக்ட், அதுல புகை கட்டுப்பாட்டு சாமான கழட்டுறதும் செயலிழக்க வைக்கிறதும் குத்தம். மாத்துன பிறகு வண்டி எப்படி இருக்கணும்னா, அந்த சேஸிஸோட மாடல் வருஷத்துக்கு சமமான இல்லாட்டி அதுக்கு பிந்தின வருஷத்துல சர்டிஃபை ஆன ஒரு வண்டியோட அமைப்பு மாதிரியே இருக்கணும்ங்கிறது நாட்டோட சுற்றுச்சூழல் அமைப்பான ஈபிஏ சொல்ற கணக்கு. கலிபோர்னியால இத நடைமுறைல பாத்துக்கிறது பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர், எல்லாரும் பிஏஆர்னு சொல்லுவாங்க. அவங்க விதிய என் வார்த்தைல சொல்றேன். இன்ஜின் உங்க வண்டியோட அதே வருஷமோ அதுக்கு பிந்தினதோ இருக்கணும், 1989 ஜீப்புல 1985 இன்ஜின் போட முடியாது. வண்டி கலிபோர்னியா சர்டிஃபைடுனா இன்ஜினும் கலிபோர்னியா சர்டிஃபைடா இருக்கணும். வகை மாறக்கூடாது, அதாவது ஹெவி டியூட்டி லாரி இன்ஜின கொண்டுவந்து லைட் டியூட்டி ஜீப்புல வைக்கக்கூடாது, லிட்டர் அளவு ஒண்ணா இருந்தாலும் சரி. தொழிற்சாலை ஜெனரேட்டர் இன்ஜின், ஆஃப்ரோடுக்குன்னு மட்டும் விக்கிற இன்ஜின் எல்லாம் பேச்சே இல்ல. டோனர் வண்டில, அதாவது இன்ஜின் எடுத்த வண்டில, என்னென்ன புகை சாமான் இருந்துச்சோ அத்தனையும் உங்க வண்டில இருக்கணும், இருந்தா மட்டும் பத்தாது வேலையும் செய்யணும். அப்புறம் கேம்ஷாஃப்ட், இன்டேக், ஹெட்டர் இதெல்லாம் மாத்தணும்னா அந்த சாமானுக்கு ஏர் ரிசோர்சஸ் போர்டு (கலிபோர்னியாவோட காத்து மாசு வாரியம்) கொடுத்த எக்சிகியூட்டிவ் ஆர்டர்ங்கிற அனுமதி நம்பர் வேணும், அதுவும் நீங்க போடுற இன்ஜினுக்குன்னு கொடுத்ததா இருக்கணும்.

1975 வரைக்கும் வந்த பெட்ரோல் வண்டிங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற ஸ்மாக் செக் கிடையாது. அதனாலதான் இங்க பழைய சிஜே5 ஜீப்புக்கும் பழைய டொயோட்டா எஃப்ஜே40க்கும் அந்த வருஷம் வரைக்கும்னா வெலை ஒரு மாதிரி, 1976ல இருந்துன்னா வேற மாதிரி. இன்னும் வண்டி வாங்கலைன்னா இத யோசிச்சிட்டு வாங்குங்க. வாங்கிட்டவங்களுக்குத்தான் மீதி.

எந்த இன்ஜின்னு முடிவு பண்றதுல மூணு பாதை இருக்கு. உண்மைய சொன்னா ஒய்ஜே வச்சிருக்கிற பாதிப்பேருக்கு வி8 தேவையே இல்ல. 1991ல ஜீப் கம்பெனியே இதே ஒய்ஜேல 4.0 லிட்டர் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் இன்ஜின வச்சு வித்தாங்க, 180 குதிரைத்திறன், பழைய 4.2க்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரே குடும்பம். 1991ல இருந்து 1995 வரைக்கும் வந்த ஒய்ஜே ஒண்ணு அடிபட்டு கெடந்தா அதோட இன்ஜின், கம்ப்யூட்டர், ஒயரிங், எக்ஸாஸ்ட், பெட்ரோல் டேங்க் உள்ள இருக்கிற பம்ப் எல்லாம் அப்படியே உங்க வண்டிக்கு வரும், ரெஃப்ரீக்கும் (இன்ஜின் மாத்துன வண்டிய சோதிச்சு அங்கீகரிக்கிறவர்) பாக்க சுலபம் ஏன்னா அதே மாடல் வண்டியோட அமைப்பு. மலையும் பாறையும்தான் உங்க ஆசைனா இதோட நிறுத்திக்கலாம்னு தைரியமா சொல்லுவேன்.

ரெண்டாவது செவ்ரோலே கம்பெனியே டப்பால போட்டு விக்கிற ஈ-ராட் இன்ஜின். எல்எஸ்3 6.2 லிட்டர் ஈ-ராட் 430 குதிரைத்திறன் தரும், அதோட கம்ப்யூட்டர், ஒயரிங், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சர், பெட்ரோல் ஆவிய பிடிச்சு வைக்கிற எவாப் கேனிஸ்டர், ஆக்சிலரேட்டர் பெடல் எல்லாம் சேத்து வரும். ஏர் ரிசோர்சஸ் போர்டு ஆர்டர் இருக்கிறதால 1995 வரைக்கும் உள்ள வண்டிகள்ல போடலாம். 1997ல வந்த டிஜே ராங்லர்ல இருந்து ஓபிடி-2 வண்டி, அதாவது புகை சாமான கம்ப்யூட்டரே கண்காணிக்கிற வண்டி, அதனால அங்க இந்த வழி இல்ல. காசு இருக்கிறவங்களுக்கு தலைவலி குறைஞ்ச வழி இதுதான், எனக்கு கட்டுபடியாகல.

மூணாவது நான் எடுத்தது, ஒரு முழு டோனர் வண்டி. 2005 செவ்ரோலே டாஹோ, முன்பக்கம் நல்லா இருந்து பின்னாடி இடி வாங்கினது, 5.3 லிட்டர் எல்எம்7 இன்ஜின், 295 குதிரைத்திறன், கூடவே 4எல்60ஈ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இன்ஜின் மட்டும் வாங்குறதுக்கு பதிலா முழு வண்டியா வாங்குங்கன்னு கால்ல விழாத குறையா சொல்றேன். சின்ன பிராக்கெட்ல இருந்து சென்சர் கனெக்டர் வரைக்கும் ஒவ்வொண்ணும் வேணும், தனித்தனியா வாங்குனா வண்டி வெலைய தாண்டிரும், எல்லாம் முடிஞ்சு மிச்ச பாடிய ஸ்கிராப்புக்கு போட்டா கொஞ்சம் காசும் திரும்பி வரும்.

வாங்குறதுக்கு முன்னாடி பானெட்ட தூக்கி உள்ள ஒட்டியிருக்கிற எமிஷன் ஸ்டிக்கர படிங்க. அதுல வருஷம், இன்ஜின் அளவு, கலிபோர்னியாவுக்கு சர்டிஃபை ஆனதா, பாசஞ்சர் காரா லைட் டியூட்டி டிரக்கா மீடியம் டியூட்டியான்னு எல்லாம் போட்டிருக்கும், கீழ சுருக்கெழுத்துல என்னென்ன சாமான் இருக்குன்னும் இருக்கும். இஜிஆர்னு போட்டிருந்தா புகைல கொஞ்சத்த இன்ஜினுக்கே திருப்பி விடுற அந்த இஜிஆர் வேணும், ஏஐஆர்னு போட்டிருந்தா காத்து பம்ப் வேணும், அதுல பேரம் கிடையாது. அந்த வகைங்கிற வரிய அலட்சியமா விடாதீங்க, ஒரே 5.3 இன்ஜினே வண்டியோட எடைய பொறுத்து வேற வேற வகைல சர்டிஃபை ஆகியிருக்கும். ஜிஎம் வண்டின்னா குளவ் பாக்ஸ் உள்ள இன்னொரு ஸ்டிக்கர் இருக்கும், வரிசையா மூணு எழுத்து கோடு, அதுல ஒய்எஃப்5 இருந்தா கலிபோர்னியா, எஃப்ஈ9 இருந்தா ஃபெடரல். நான் முதல்ல ஏமாந்த இன்ஜின்ல இந்த எஃப்ஈ9தான் இருந்துச்சு, விக்கிறவருகிட்ட போட்டோ அனுப்ப சொல்லியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். ஸ்டிக்கர், விஐஎன்ங்கிற வண்டி அடையாள நம்பர், டைட்டில் (ஓனர் பத்திரம்), ரசீது எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஒரு ஃபைல்ல வச்சுக்குங்க. அடுத்த வேலை ஒரு ஸ்பேனர கூட தொடாம ரெஃப்ரீக்கு போன் போட்டு இந்த டோனர், இந்த வண்டி, சரி வருமான்னு கேக்கிறது. சாதாரண ஸ்மாக் கடைக்காரரால இன்ஜின் மாத்துன வண்டிய முதல்முறை அங்கீகரிக்க முடியாது, ரெஃப்ரீதான் பண்ணணும், பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ்கள்ல உக்காந்திருப்பாங்க. அவங்கள எதிரியா பாக்காதீங்க, முன்னாடியே கேட்டா பொறுமையா சொல்லித்தருவாங்க.

கழட்டுறப்போ ஒவ்வொரு ஒயருக்கும் ஹோஸுக்கும் டேப் சுத்தி பேரு எழுதுங்க, டாஹோவுல கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டுல இருந்து எத்தன இன்ச் தள்ளி இருக்குன்னு டேப் வச்சு அளந்து எழுதி வைங்க. இது ஏன்னு கீழ சொல்றேன்.

இன்ஜின ஜீப்புக்குள்ள இறக்குறது எல்லாரும் பயப்படுற வேலை ஆனா அதுதான் சுலபம். ஜீப்புக்கு எல்எஸ் (என் எல்எம்7 சேந்த செவ்ரோலே வி8 குடும்பம்) இன்ஜின் மவுன்ட், அடாப்டர் எல்லாம் ரெடியா கிடைக்குது, யூட்டால நோவாக், இங்க பாசோ ரோப்ளஸ்ல அட்வான்ஸ் அடாப்டர்ஸ், இவங்க ரெண்டு பேரும் இதே வேலையா பல வருஷமா இருக்காங்க. வி8 நீளம் கம்மி அகலம் ஜாஸ்தி, அதனால முன்னாடி ரேடியேட்டருக்கு இடம் கிடைக்கும் ஆனா டிரைவர் பக்கம் ஸ்டீயரிங் ஷாஃப்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் முட்டிக்கும், ஆயில் பேன் முன் ஆக்சில்ல இடிக்குதான்னு சஸ்பென்ஷன முழுசா அமுக்கி பாக்கணும். எல்எஸ் ஹெட்ல நீராவி வெளிய போற சின்ன பைப் ஒண்ணு இருக்கு, அத அடைச்சிட்டு விட்டுறாதீங்க, ரேடியேட்டர் மேல்பக்கத்துக்கு கொண்டுபோய் சேருங்க, இல்லேன்னா ஹெட்ல காத்து நின்னு சூடாகும். அப்புறம் 1989 நடுவுல வரைக்கும் வந்த ஒய்ஜேல பீஜோ பிஏ10/5 கியர்பாக்ஸ், அது ஏற்கனவே பலவீனம், வி8 முறுக்குக்கு தாங்கவே தாங்காது. பின்னாடி டானா 35 ஆக்சிலும் அப்படித்தான், இப்ப இல்லேன்னாலும் பின்னாடி மாத்த காசு ஒதுக்கி வைங்க. ஆட்டோமேட்டிக் டோனர்னா ஆட்டோமேட்டிக்காவே வைங்கன்னு சொல்லுவேன், கம்ப்யூட்டர் அந்த கியர்பாக்ஸ் இருக்குன்னு நெனச்சுத்தான் வேலை செய்யுது, அத எடுத்துட்டா செக் இன்ஜின் லைட்டோட மல்லுக்கட்டணும். ஆனா ஆட்டோமேட்டிக் வச்சா பின் டிரைவ்ஷாஃப்ட் ரொம்ப குட்டையா ஆயிரும், ஒய்ஜே வீல்பேஸே 93.4 இன்ச்தான், அதனால டிரான்ஸ்பர் கேஸ்ல (முன் பின் சக்கரத்துக்கு சக்திய பிரிக்கிற பெட்டி) வழுக்கி நகர்ற இணைப்பான ஸ்லிப் யோக்க எடுத்துட்டு, செங்குத்தான கோணத்துலயும் சுத்துற சிவி டிரைவ்ஷாஃப்ட் போட வேண்டி வரும்.

இனி எக்ஸாஸ்ட், என் வண்டி முதல் தடவை ரெஃப்ரீகிட்ட தோத்ததே இங்கதான். எக்ஸாஸ்ட் கடைல வெல்டிங்குக்கு விட்டேன், அந்தாளு டிரான்ஸ்பர் கேஸ்ல இடிக்குதுன்னு ரெண்டு கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் நல்லா பின்னாடி தள்ளி வச்சிட்டாரு, பாக்க சுத்தமா அழகா இருந்துச்சு. ரெஃப்ரீ கீழ குனிஞ்சு ஒரு பார்வை பாத்துட்டு டோனர்ல எங்க இருந்துச்சுன்னு கேட்டாரு, அவ்வளவுதான். காரணம் சும்மா இல்ல, கன்வெர்ட்டர் சூடானாத்தான் வேலை செய்யும், மேனிஃபோல்டுக்கு பக்கத்துல இருந்தா ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துல சூடாகும், தள்ளிப் போனா அது வரைக்கும் வர்ற புகை அப்படியே வெளிய போகும். டாஹோவுல எந்த தூரத்துல இருந்துச்சோ அதே தூரத்துல, முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டுன்னு நாலு ஆக்சிஜன் சென்சரும் அதே எடத்துல இருக்கணும். பின் சென்சர கழட்டிட்டு புரோகிராம்ல ஆஃப் பண்ணிடலாம்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க. இன்னொண்ணு, டோனர்ல இருந்த பழைய கன்வெர்ட்டர மறுபடி போடக்கூடாது, கலிபோர்னியால பழசு விக்கிறதும் மாட்டுறதும் தடை. புதுசு வாங்கணும், கம்பெனி ஒரிஜினல் இல்லாட்டி அந்த இன்ஜினுக்குன்னு எக்சிகியூட்டிவ் ஆர்டர் நம்பர் குத்தினது. காசு கடிக்கும், ஆனா இதுல மிச்சம் பிடிக்க முடியாது.

பெட்ரோல் பக்கம் வருவோம். பழைய 4.2ல இன்ஜின்ல ஒட்டியிருக்கிற மெக்கானிக்கல் பம்ப் கார்புரேட்டருக்கு லேசா தள்ளிவிட்டா போதும், எல்எம்7க்கு 58 பிஎஸ்ஐ வேணும். டேங்க் உள்ளயே எலக்ட்ரிக் பம்ப் வைக்கிறதுதான் நல்லது, வெளிய ஃப்ரேம்ல மாட்டுன பம்ப் சூட்டுல கத்தும், பாறை இடிச்சா போச்சு. 1999ல இருந்து 2003 வரைக்கும் வந்த கொர்வெட்டோட ஃபில்டர்லயே பிரஷர் ரெகுலேட்டர் சேந்து இருக்கும், அத டேங்க் பக்கத்துல மாட்டிட்டா இன்ஜின் வரைக்கும் ஒத்த லைன் போதும், இங்க எல்லாரும் செய்யுற வழி இது. டேங்க்ல இருந்து வர்ற ஆவி கார்பன் கேனிஸ்டருக்கு போகணும், அங்க இருந்து இன்ஜின்ல இருக்கிற பர்ஜ் சாலினாய்டுக்கு (ஆவிய இன்ஜினுக்குள்ள விடுற வால்வு), இந்த வழில ஒரு ஹோஸ் கூட சும்மா தொங்கக்கூடாது. பெட்ரோல் ஊத்துற வாய்ல ஈயமில்லா பெட்ரோலுக்கான குறுகலான ரெஸ்ட்ரிக்டர் இருக்கணும், பழைய வண்டில யாராவது பேத்து எடுத்திருப்பாங்க பாத்துக்குங்க. 1976ல இருந்து 1995 வரைக்கும் உள்ள வண்டிங்களுக்கு டேங்க்ல லேசா அழுத்தம் கொடுத்து ஆவி கசியுதான்னு டெஸ்ட் உண்டு, வெடிச்ச பழைய ரப்பர் ஹோஸ் அங்க காட்டிக்கொடுத்துரும். எல்லா ஆவி ஹோஸையும் புதுசா மாத்திடுங்க.

ஒயரிங்ல ஒரு விஷயம் மட்டும் விரிவா சொல்றேன். டாஹோவோட கம்ப்யூட்டர் திருட்டு தடுப்பு சிக்னல எதிர்பாக்கும், அது வரலேன்னா பெட்ரோல நிறுத்திரும், ஜீப்புல அந்த சிஸ்டம் இல்ல, அதனால அத மட்டும் நிறுத்தி புரோகிராம் பண்ணணும். செய்யுறவருகிட்ட எமிஷன் சம்பந்தமான எதையும் தொடாதீங்கன்னு எழுத்துலயே கொடுங்க. 2021 ஜூலைல இருந்து ஸ்மாக் செக்ல கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர அனுமதி இல்லாம மாத்தியிருக்கான்னும் பாக்குறாங்க, காலம் அந்தப் பக்கம்தான் போகுது, குதிரைத்திறன் கூட்டுற டியூன் எல்லாம் இதுல கலக்காதீங்க. டேஷ்போர்டுல செக் இன்ஜின் லைட் வேணும், சாவி போட்டா எரிஞ்சு இன்ஜின் ஓடுனதும் அணையணும். டிரைவர் காலுக்கு மேல ஸ்கேனர் மாட்டுற ஓபிடி-2 போர்ட்டும் வேணும். 2005 டாஹோவுல த்ராட்டில் ஒயர்ல ஓடுறது, அதனால பெடல், அதோட கன்ட்ரோல் மாடியூல், கம்ப்யூட்டர், த்ராட்டில் பாடி நாலும் ஒரே வண்டியோடதா இருக்கணும், ஒண்ண மாத்துனா ஒண்ணு பேசாது. வண்டி வேகம் சொல்ற சிக்னலும் கம்ப்யூட்டருக்கு வேணும், ஜீப் ஸ்பீடோமீட்டரோ கேபிள்ல ஓடுது, ரெண்டுக்கும் வழி பண்ணி வைங்க.

எல்லாம் முடிஞ்சு ஸ்டார்ட் ஆன அன்னிக்கே ரெஃப்ரீகிட்ட ஓடாதீங்க. பேட்டரிய கழட்டி மாட்டுனா கம்ப்யூட்டரோட சுயபரிசோதனை எல்லாம் அழிஞ்சிரும், அதுங்க மறுபடி முடியுற வரைக்கும் ஓட்டணும். ராத்திரி முழுக்க நின்ன வண்டிய காலைல ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ஐடில்ல விட்டு, ஊருக்குள்ள ஓட்டி, அப்புறம் ஹைவேல ஒரே வேகத்துல பத்து பதினஞ்சு நிமிஷம், பிரேக் தொடாம மெதுவா வேகம் குறைய விட்டு, இப்படி ஒரு வாரம். எவாப் பரிசோதனை ஓட டேங்க்ல கால்வாசிக்கு மேல முக்காலுக்குள்ள பெட்ரோல் வச்சுக்குங்க, ஃபுல் டேங்க்லயும் காலி டேங்க்லயும் அது ஓடாது. சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் ஒண்ணு வாங்கி போன்லயே பாருங்க, கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சர் எல்லாம் ரெடின்னு வந்த பிறகு அப்பாயின்ட்மென்ட் போடுங்க. என் வண்டில கன்வெர்ட்டர் தள்ளி இருந்தப்போ கேட்டலிஸ்ட் மட்டும் ரெடி ஆகவே இல்ல, அதையே ஒரு எச்சரிக்கையா எடுத்திருக்கணும்.

ரெஃப்ரீகிட்ட போறப்போ அந்த ஃபைல கையில எடுத்துட்டு போங்க, டோனரோட ஸ்டிக்கர் போட்டோ, விஐஎன், கன்வெர்ட்டர் ரசீது எல்லாம். இன்ஜின நல்லா கழுவி துடைச்சு, ஹோஸ் எல்லாம் கண்ணுக்கு தெரியுற மாதிரி வைங்க, அவங்க ஒவ்வொண்ணா தொட்டு பாப்பாங்க. என் வண்டிய ரெண்டாவது தடவை முக்கால் மணி நேரம் பாத்தாரு, கீழ படுத்து டார்ச் அடிச்சு கன்வெர்ட்டர் நம்பர படிச்சாரு, ஸ்கேனர் மாட்டி பாத்தாரு, ரோலர் மேல ஏத்தி ஓட்டி புகைய அளந்தாரு. எல்லாம் முடிஞ்சு டிரைவர் கதவு தூண்ல ஒரு லேபிள் ஒட்டினாரு, இந்த வண்டில இன்ன வருஷ இன்ன இன்ஜின், இன்னின்ன சாமான் இருக்கணும்னு அதுல இருக்கும். அத பாத்தப்போ தொண்டை அடைச்சிருச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அந்த லேபிள் வந்துட்டா அடுத்த ஸ்மாக் செக்ல இருந்து எந்த கடைக்கும் போகலாம், அவங்க லேபிள பாத்து அதுபடி டெஸ்ட் பண்ணுவாங்க. பெயிண்ட் அடிக்கிறப்போ அது மேல டேப் ஒட்டி மறைச்சிட்டு அடிக்க சொல்லுங்க, போட்டோ ஒண்ணு எடுத்து வைங்க. அந்த வருஷம் ஆகஸ்ட்ல லூன் லேக் பக்கமா ரூபிகான் டிரெய்ல்ங்கிற பாறைப் பாதைல ஏறுனேன், ரெண்டு ராத்திரி தங்கி டாஹோ ஏரிப்பக்கம் எறங்குனோம். செங்குத்தா சாஞ்ச பாறைல வண்டி மூக்க தூக்கிட்டு நின்னப்போ இன்ஜின் ஒரு துளி தடுமாறல, அப்படியே ஐடில்ல முனகிட்டு நின்னுச்சு, பின்னாடி நின்ன நண்பனுக்கு பெட்ரோல் வாசமே வரலையாம்.